ஈர நெற்றி

சுயம்புலிங்கத்தை இதய ஆபரேஷனுக்கு உள்ளே கொண்டுபோக இன்னும் ஐந்தே நிமிடம்.

“சிஸ்டர், சாகக் கெடக்குறவனுக்கு யாரு வேணும்னாலும் ஞானஸ்நானம் குடுக்கலாமாமே? எனக்குக் குடுத்துருங்க. இல்லேன்னா என் பொண்டாட்டி ரோஸ்லின மோட்சத்துல பாக்கவே முடியாது!”

நர்ஸ் பிலோமினா தயங்கினாள். “உங்க வீட்டம்மா வரட்டுமே, அய்யா?”

“நாப்பது வருசத்துல ஒருநாள்கூட அவ என்னைய கிறிஸ்தவ வேதத்துக்குக் கூப்பிட்டதில்ல. வந்தா தடுப்பா. ஊத்துங்க!”

பாட்டில் தண்ணீரை அவர் நெற்றியில் ஊற்றி, ஜெபத்தைச் சொன்னாள்.

ஸ்ட்ரெச்சர் வண்டி நகர்ந்தபோது ரோஸ்லின் மூச்சிரைக்க ஓடிவந்தாள். நெற்றி நிறையத் திருநீறு.

“பயப்படாதீக. கழுத்துச் சிலுவைய வீரபாண்டி ஆத்தா கோயில் உண்டியல்ல போட்டுட்டேன். இனி நீங்க போற எடத்துக்குத்தான் நானும் வருவேன்.”

அவர் நெற்றியிலும் பூசினாள்.

“என்ன, இம்புட்டு வேர்த்திருக்கு?”

அவர் வாய் திறப்பதற்குள் தியேட்டர் கதவு மூடிக்கொண்டது.