விரல் தெரியணும்

மூன்றாவது தடவையாகக் கமலா அந்த வீடியோவைத் திருப்பிக் கொண்டுவந்ததும் ரிஸ்வானுக்குப் பொறுமை போய்விட்டது.

சிங்கப்பூர் சிராங்கூன் சாலையில், பழைய கேமரா டேப்புகளைக் கம்ப்யூட்டர் ஃபைலாக மாற்றித் தரும் கடை அவனுடையது. எத்தனையோ கல்யாணம், காதுகுத்து பார்த்தவன். யாரும் இப்படி உயிரை வாங்கியதில்லை.

"விரல் இன்னும் ரெண்டு ரெண்டாத் தெரியுது, தம்பி."

அந்தக் காலத்துக் கேமரா ஒவ்வொரு படத்தையும் இரண்டு பாதியாகப் பிடிக்கும், இரண்டையும் கலந்துவிடும் 'பிளெண்ட்' செட்டிங் போட்டால்தான் கோடு கோடாகத் தெரியாது என்று மறுபடி விளக்கினான். வேகமாக ஆடும் கை கொஞ்சம் கலங்கத்தான் செய்யும். தனித்தனிப் படமாகப் பிரித்தால் ஃபைல் பெரிதாகிவிடும்.

"யாரும் இதையெல்லாம் பார்க்க மாட்டாங்க லா, ஆன்ட்டி."

"நான் பார்ப்பேன். பிரிச்சே கொடுங்க. விரல் தெரியாம இங்கேருந்து நகர மாட்டேன்." நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டாள்.

ஒரு நிமிஷ வீடியோ. பிறந்தநாள் கேக்குக்குப் பின்னால் ஒரு பெண், மடியில் குழந்தையோடு, கேமராவைப் பார்த்துக் கைகளை ஆட்டுகிறாள். இதில் விரலைப் பார்க்க என்ன இருக்கிறது? மோதிரம்தான். குடும்பத்தில் நகைச் சண்டை, வக்கீலுக்குச் சாட்சி தேடி அலைகிறாள் என்று ரிஸ்வான் முடிவே கட்டிவிட்டான்.

வேண்டாவெறுப்பாகச் செட்டிங்கை மாற்றி, ஓடவிட்டான். விரல்கள் ஒவ்வொன்றும் தெளிவாகத் தெரிந்தன. ஒன்றிலும் மோதிரம் இல்லை.

"மோதிரத்தையே காணோமே, ஆன்ட்டி," என்றான் குத்தலாக.

"மோதிரமா?" கமலா திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "அது என் அக்கா. காது கேக்காது, பேச்சும் வராது. இவளால பிள்ளை வளர்க்க முடியாதுன்னு புருஷன் வீட்டுல பிள்ளையைப் பிடுங்கிக்கிட்டாங்க. பெத்த அம்மாவே உன்னை வேணாம்னு கொடுத்துட்டாள்னு சொல்லியே அந்தப் பிள்ளை தாரணியை வளர்த்தாங்க. அக்கா போய்ச் சேர்ந்துட்டா. நான் சொன்னா தாரணி நம்ப மாட்டேங்கிறா. இப்ப சைன் லாங்குவேஜ் கத்துக்கிட்டிருக்கா. அக்கா விரலால என்ன பேசுறான்னு அவளே பார்த்துப் படிக்கட்டும்."

ரிஸ்வானுக்கு வெட்கமாக இருந்தது. கேட்காமலேயே வீடியோவை முதலிலிருந்து ஓடவிட்டான்.

கமலா அக்காவின் விரல்களைப் பார்த்துப் பார்த்து, ஒவ்வொரு சொல்லாக வாய்விட்டுச் சொன்னாள்:

"இவ... என் பொண்ணு. யார் வந்து கேட்டாலும்... தர மாட்டேன்."