தானே கழற்றிய நார்

“என் பேருதான் முதல்ல வரணும், சார்.”

கேட்டுவிட்டாள்.

இதை மட்டும் வாயைத் திறந்து கேட்டுவிடாதே என்று அம்மாவிலிருந்து விடுதித் தோழிகள்வரை அத்தனை பேரும் சொல்லியிருந்தார்கள். ஆய்வுப் பட்டம் கைக்கு வருகிறவரை பல்லைக் கடித்துக்கொள்.

கடித்துக் கடித்துப் பல்தான் வலித்தது.

மேசையில் கட்டுரை. மேலே பேராசிரியர் பெயர். கடைசிப் பக்கத்தில், நன்றி சொல்கிற இடத்தில், தொட்டிக்குத் தண்ணீர் ஏற்றியவருக்கும் கீழே, அவள் பெயர்: சகாய ஷெர்லின்.

அவர் சிரித்தார். கடற்கரைப் பிள்ளைகளுக்கு அவசரம் ஜாஸ்தி என்றார். அடுத்த கட்டுரையில் பார்க்கலாமாம்.

அவளுக்குக் காது சுட்டது.

அவர் முதுகுக்குப் பின்னால் கண்ணாடித் தொட்டி. பச்சைச் சிப்பிகள். ஒவ்வொன்றும் தன் நாக்கு போன்ற காலால் நார் இழைத்து, கண்ணாடியைக் கவ்விக் கிடந்தது.

அவள் வருவதற்கு முன்பு இங்கே ஒரு சிப்பியும் வாரம் தாண்டியதில்லை. தொட்டி மாற்றும்போதெல்லாம் பிடித்து இழுத்தார்கள். நாரோடு, அது முளைத்த சதையும் கிழிந்து வந்தது. செத்தபோது தண்ணீர் சரியில்லை என்றார்கள்.

அவள் வீட்டில் நாரைப் பிடுங்கினால் அடுத்த நிமிடம் சிப்பி சட்டியில் இருக்கும். பிடுங்கியது பிழைக்காது. அப்பா மூச்சடக்கி முங்கிப் பாறையிலிருந்து பெயர்த்துவந்ததைத் தின்று வளர்ந்தவள். இது தெரிய அவளுக்கு ஆய்வகம் தேவைப்படவில்லை.

இங்கே வந்ததும், இழுக்காமல் நாரைப் பிளேடால் வெட்டினாள்.

சிப்பிகள் பிழைத்தன. புது நார் இழைத்தன. அவள் உட்கார்ந்து எழுதினாள்.

அதுதான் கட்டுரை.

இன்று காலை ஒரு சிப்பி இடம் மாறியிருந்தது. யாரும் இழுக்கவில்லை. யாரும் வெட்டவில்லை. பழைய நார்க்கற்றையைத் தானே கழற்றிப் போட்டுவிட்டு, காலை நீட்டி நீட்டி நகர்ந்து, தண்ணீர் விழுகிற மூலையில் போய் ஒட்டியிருந்தது.

வெகுநேரம் அதையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

இப்போது வெள்ளை மேலங்கியைக் கழற்றி நாற்காலியில் போட்டாள்.

பேராசிரியரின் சிரிப்பு நின்றது. நாளைக்குத் தொட்டி மாற்றணுமே, இதுகளை யார் பார்ப்பது என்றார்.

“பேப்பர்ல இருக்குல்லா சார். வாசிச்சுப் பாருங்க.”

கதவோரம் அவள் பை இருந்தது.

காலையிலேயே கட்டிவைத்தது.

தோளில் மாட்டிக்கொண்டு நடந்தாள்.