ஒரு குடம் நல்ல தண்ணீர்

சித்திரை வெயில் நெரவி கிராமத்து வயல்களின் மேல் அசையாமல் நிற்கிறது. வெடித்த மண்ணின் விளிம்புகளில் உப்பு வெள்ளையாகப் பூத்துக் கண்ணைக் கூசவைக்கிறது. வரப்போரக் கருவேல மரத்தடியில் மட்டும் ஒரு பாய் அகலத்துக்குப் பச்சை இருக்கிறது. நிறைசினைப் பசு அந்த நிழலை விட்டு வருவதில்லை. நிழல் நகர்ந்தால் தானும் நகர்கிறது. நீலாயதாட்சி போர்வெல் தண்ணீரை வாளியில் கொண்டுவந்து வைக்கிறாள். பசு முகர்ந்துவிட்டுத் தலையைத் திருப்பிக்கொள்கிறது. “காலையிலேருந்து வாயே வைக்கலங்க” என்கிறாள். அவள் கணவர் தெட்சிணாமூர்த்தி ஒரு கை அள்ளி வாயில் விட்டுத் துப்புகிறார். “போன வருசம் இவ்வளவு கரிக்கல.”

அவள் வாளியைக் கவிழ்க்கிறாள். வரப்பில் ஓடிய தண்ணீர் நாலடி போவதற்குள் காணாமல் போகிறது. வீட்டுக்குப் போய், விடியலில் தெருக்குழாயில் வரிசை நின்று பிடித்த குடத்தை இடுப்பில் வைத்துத் திரும்பி வருகிறாள். “சோறு வடிக்க வச்சிருந்ததுல்ல?” என்கிறார் அவர். “பழையது கிடக்கு, போதும்.” தண்ணீர் விழும் சத்தத்துக்கே பசுவின் காதுகள் முன்னால் வருகின்றன. மூச்சு விடாமல் குடிக்கிறது. கடல் பக்கமிருந்து வரவேண்டிய காற்று இன்னும் வரவில்லை. நீலாயதாட்சி பசுவின் வயிற்றில் கை வைத்தபடி சொல்கிறாள்: “கன்னு போட்டதும் ரெண்டையும் திருவாரூருக்கு என் தங்கச்சி வீட்டுக்கு ஓட்டிவிட்டுடலாங்க. அங்க தண்ணி நல்லாருக்கு.” அவர், பசு காலி வாளியின் அடியை நக்குவதையே பார்த்துக்கொண்டிருக்கிறார். பிறகு, “போன் பண்ணிச் சொல்லிடு” என்கிறார்.