காடா, தரிசா?

"உங்க துறைக்கு மரம்னா விறகு. அவ்வளவுதான்" என்றார் வனத்துறைத் தலைவர்.

"உங்க துறைக்கு மனுஷன்னாலே ஆக்கிரமிப்பு" என்றார் வேளாண் செயலர்.

அன்றைய கூட்டமும் அத்தோடு முடிந்தது.

தேசிய நிலக் கொள்கையை எழுதும் பொறுப்பு வரைவு அதிகாரியுடையது. வயல், தோப்பு, மேய்ச்சல், காடு என்று நாட்டில் எந்த நிலம் எதற்கு என்று சொல்லும் கொள்கை. எல்லா அத்தியாயத்தையும் எழுதி முடித்துவிட்டாள். ஒரே ஒரு வார்த்தைதான் பாக்கி.

மலைச்சரிவுகளில் மரங்களுக்கு நடுவே ஜனங்கள் பயிர் வைத்திருக்கும் நிலத்தை என்னவென்று எழுதுவது? மரம் இருந்தால் அது காடு என்றார் வனத்துறைத் தலைவர். பத்திரம் இல்லாத நிலமெல்லாம் அரசுத் தரிசு என்றார் வேளாண் செயலர். ஒரு வருஷத்துக்கு மேலாக இருவரும் பிடித்த பிடியை விடவில்லை. அலுவலகத்தில் அவர்களுக்கு மாமியார், மருமகள் என்று பேர். யார் மாமியார் என்பதில் மட்டும் கருத்து வேறுபாடு இருந்தது.

கொள்கை முடிந்தால் வரைவு அதிகாரிக்குப் பதவி உயர்வு என்று பேச்சு. முடிகிற வழியாகத் தெரியவில்லை. படித்த மனிதர்கள், தலை நரைத்தவர்கள், ஒரு வார்த்தைக்காக இப்படிக் குடுமிப்பிடிச் சண்டை போடுகிறார்களே என்று வீட்டில் புலம்பினாள். கணவர் பல் மருத்துவர். நாள் முழுக்க அடுத்தவர் வாயைப் பார்த்துவிட்டு வந்தவர், அதிகம் பேசமாட்டார்.

"ரெண்டு பிள்ளைங்க ஒரே பிஸ்கட்டுக்கு அடிச்சுக்கிட்டா என்ன பண்ணுவோம்? ஆளுக்குப் பாதியா உடைச்சுக் கொடுத்துடு" என்றார்.

அவளுக்கு அது சரியாகப் பட்டது. சரிவின் மேல்பாதி காடு, கீழ்ப்பாதி தரிசு என்று எழுதி அடுத்த கூட்டத்தில் வைத்தாள். இருவருக்கும் வெற்றி, யாருக்கும் தோல்வி இல்லை.

இருவரும் படித்தார்கள். ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். பிறகு, அந்தக் குழு அமைந்த நாளிலிருந்து முதல் தடவையாக, ஒரே விஷயத்தில் ஒத்துப்போனார்கள்.

"இது சரிப்படாது."

அவளுக்கு வெறுத்துவிட்டது. வேறு துறைக்கு மாற்றல் கேட்டுவிடுவது என்று முடிவு செய்து, மதிய இடைவேளையில் வேளாண் செயலரின் அறைக்குப் போனாள். கதவு ஒருக்களித்திருந்தது.

உள்ளே மாமியாரும் மருமகளும் ஒரே டிபன் கேரியரில் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள்.

"நாளைக்கு அமைச்சரே வர்றாராம். நீங்க ஆரம்பிங்க சார்" என்றார் வனத்துறைத் தலைவர். "எனக்குத் தொண்டை கட்டியிருக்கு."

அவள் நிற்பதை இருவரும் பார்த்தார்கள். யாரும் பதறவில்லை. செயலர் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார்.

"அப்ப இது நிஜச் சண்டை இல்லையா சார்?"

"நிஜச் சண்டைதாம்மா. உட்காரு" என்றார் அவர்.

வனத்துறைத் தலைவர் கையைக் கழுவிக்கொண்டு வந்து சொன்னார். "காடுன்னு எழுதினா, அங்க இருக்கிற குடும்பங்களை நான் வெளியேத்தணும். தரிசுன்னு எழுதினா, இவர் அதைக் கல்குவாரிக்குக் குத்தகைக்கு விடணும். நீ பாதிப் பாதியா எழுதிட்ட. மேல இருக்கிறவங்களை நான் துரத்தணும், கீழ இருக்கிறவங்களை இவர் துரத்தணும்."

பயிர் வைத்திருக்கிறவர்களுக்கே சொந்தம் என்று எழுதிவிடலாமே என்று கேட்டாள். அப்படித்தான் முதலில் எழுதி அனுப்பினார்களாம். அமைச்சர் அலுவலகம் அடித்துத் திருப்பி அனுப்பியதாம். மறுபடி எழுதினார்களாம், மறுபடியும் அடித்தார்களாம். இந்தக் கொள்கை முழுசாக முடிவாகும்வரை அந்த நிலத்தில் யாரையும் அசைக்கக்கூடாது என்று பழைய உத்தரவு ஒன்று மட்டும் இன்னும் உயிரோடு இருந்தது.

"ஊர் ரெண்டுபட்டா கூத்தாடிக்குக் கொண்டாட்டம்பாங்க" என்றார் செயலர். "இங்க நாங்க ரெண்டுபட்டாத்தான் அந்தச் சரிவுல இருக்கிறவங்க வீட்டுல அடுப்பு எரியும்."

"எத்தனை நாளைக்கு சார் இப்படி?"

"எனக்கு ரிட்டயர்மென்ட் வர்ற வரைக்கும் ஓடும். அப்புறம் வர்றவரும் நல்லாச் சண்டை போடறவரா இருக்கணும்" என்றார் செயலர்.

மாற்றல் பற்றி அவள் பேசவில்லை. சாப்பிட்டாயா என்று கேட்டார்கள். இல்லை என்றாள். மூடியில் கொஞ்சம் எடுத்து வைத்துக் கொடுத்தார்கள்.

மறுநாள் அமைச்சர் வந்தார். முடிக்காமல் எழுந்திருக்கப் போவதில்லை என்ற முகத்தோடு வந்தார். வேளாண் செயலர் ஆரம்பித்தார், வனத்துறைத் தலைவர் கட்டிய தொண்டையோடு பதில் சொன்னார். அமைச்சர் கொஞ்ச நேரம்தான் கேட்டார். பிறகு இருவரையும் உட்காரச் சொன்னார். காடோ தரிசோ, தானே இப்போது சொல்லிவிடுவதாகவும், அதை அப்படியே எழுதிக்கொள்ளும்படியும் சொல்லி, வரைவு அதிகாரி பக்கம் திரும்பினார்.

"மத்ததெல்லாம் தயார்தானேம்மா?"

இருவரும் மேஜையைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவளுக்குத் தன் பதவி உயர்வு ஒரு கணம் கண்முன் வந்து போனது.

"எல்லாம் தயார் சார்" என்றாள். "ஒரே ஒரு சந்தேகம். மலைச்சரிவுன்னு எழுதியிருக்கோம். எவ்வளவு சாய்ஞ்சா அது சரிவு?"

"பத்து டிகிரி" என்றார் வனத்துறைத் தலைவர்.

"இருபத்தஞ்சு" என்று நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்தார் வேளாண் செயலர்.