பட்டாபிராமன் போட்ட வேஷம்

“எங்கப்பாகிட்ட மட்டும் சொல்லிடாதீங்கடா, ப்ளீஸ்!”

பாறை மேல் கிடந்த பட்டாபிராமன் இப்படிக் கெஞ்சியதும் யேசுதாசனுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. வராதா பின்னே? மனிதருக்குத் தலை முழுக்க நரை. ரயில்வேயில் ரிடையர் ஆகி குரோம்பேட்டையில் குடியிருப்பவர்.

“இன்னா சார், இந்த வயசுல அப்பாவா?”

“சிரிக்காதே!” டாக்டர் எலியேசர் அதட்டினார். “இப்ப அவருக்கு உன் வயசு. கால்ல என்னமோ ஆயிடுச்சு. நீங்கள்லாம் கூட வந்த ஃப்ரெண்ட்ஸ். அவ்வளவுதான் தெரியும். ம், ஆரம்பிங்க.”

நன்மங்கலம் காடு காலையிலேயே கொதித்தது. எலியேசர் மெடிக்கல் காலேஜில் இளம் வாத்தியார். வருஷா வருஷம் ஆசைப்படுகிற மாணவர்களை இங்கே கூட்டி வருவார். ஆஸ்பத்திரி இல்லாத காட்டிலும் மலையிலும், கையில் கிடைத்ததை வைத்து உயிரைக் காப்பாற்றுவது எப்படி என்று சொல்லிக்கொடுப்பார். கடைசியில் ஒரு பரீட்சை. அதில் தேறுகிற ஒருவரை இமயமலை ஏறும் குழுவின் டாக்டருக்கு உதவியாக அனுப்புவார். நோயாளி வேஷம் எப்போதும் பட்டாபிராமனுக்குத்தான். வேறு யாரையும் அந்தப் பாறையில் படுக்க விடமாட்டார்.

இமயமலைக்குப் போகும் அந்த ஓர் இடத்துக்காக, யேசுதாசனின் குழுவில் இருந்த வேதா தவம் கிடந்தாள். வீட்டில் ஸ்பெஷல் கிளாஸ் என்று புளுகிவிட்டு, தாம்பரத்தில் பல்லவன் பஸ் ஏறி வந்திருந்தாள். அதனால் யேசுதாசனோடு சேர்ந்து சிரிக்க அவளுக்கு மனசு வரவில்லை. போதாக்குறைக்கு, அவர்களுக்கு முன்னால் போன குழு தோற்றுவிட்டது. “பேஷன்ட் செத்துட்டார்” என்று எலியேசர் கையை விரித்துவிட்டார். ஏன் என்று கேட்டதற்கு வாயே திறக்கவில்லை.

வேதா குனிந்து காலைப் பார்த்தாள். கணுக்காலில் சிவப்பு மையால் இரண்டு புள்ளிகள்.

“என்ன ஆச்சு? எது கடிச்சுது?”

“ஒண்ணும் கடிக்கலை. முள்ளு குத்திடுத்து. செத்த நேரம் இப்படியே படுத்திருந்தா சரியாயிடும். ஆஸ்பத்திரி கீஸ்பத்திரின்னு போனா அப்பாவுக்குத் தெரிஞ்சுடும். தெரிஞ்சா காலேஜை விட்டே நிறுத்திடுவார்.”

நாக்கு குழறியது. மனிதர் நடிப்பில் வெளுத்து வாங்கினார்.

“பாவம், இப்டிக் கெஞ்சிகினு கீறாரு,” என்றான் யேசுதாசன். “கொஞ்ச நேரம் நிழல்ல வச்சிப் பாப்பமா வேதா? முன்னாடி போனவங்க அப்டித்தான் பண்ணாங்க.”

“அவங்கதான் தோத்துட்டாங்களே!” என்றாள் வேதா. அப்பா கோபம் எப்படி இருக்கும் என்று அவளுக்குத் தெரியும்.

“கண்ணை நல்லாத் திறங்க,” என்றாள்.

பட்டாபிராமன் முயன்றார். இமை பாதியிலேயே நின்றது.

“முள்ளு குத்தினா இமை தொங்குமா? இது பாம்பு!” வேதா நிமிர்ந்தாள். “உங்கப்பா திட்டினா திட்டட்டும். அடிச்சாலும் அடிக்கட்டும். உயிரோட இருந்தாத்தானே திட்டு வாங்க முடியும்? அசையாதீங்க, ஒரு அடிகூட நடக்கக் கூடாது. யேசுதாசா, சட்டையைக் கழட்டு! மத்தவங்களும் கழட்டுங்கடா!”

அப்புறம் எல்லாம் மளமளவென்று நடந்தது. நீளமான இரண்டு கம்புகளில் சட்டைகளை மாட்டித் தூக்குப்படுக்கை செய்தார்கள். வேதா தன் துப்பட்டாவால், கால் ஆடாதபடி ஒரு குச்சியோடு சேர்த்துக் கட்டினாள். முள்ளும் கல்லுமான பாதையில் மூச்சு வாங்கத் தூக்கிக்கொண்டு ஓட்டமும் நடையுமாக ரோட்டுக்கு வந்தார்கள். படுத்திருந்தவர் கண்ணிலிருந்து நீர் காதோரம் வழிந்துகொண்டே இருந்தது.

“ஐயய்யோ, இன்னா நடிப்புப்பா!” என்று கிசுகிசுத்தான் யேசுதாசன்.

ரோட்டோரம் நின்ற மெட்டாடர் வேனுக்குள் அவரை ஏற்றினார்கள். எலியேசர் கடிகாரத்தைப் பார்த்தார்.

“பிழைச்சுட்டார்,” என்றார். “இமயமலைக்கு வேதா போகட்டும்.”

சொல்லிவிட்டு, கர்ச்சீப்பை எடுத்துக்கொண்டு வேனுக்குப் பின்பக்கம் போய்விட்டார். பசங்கள் ஓவென்று கத்தினார்கள். வேதாவுக்குக் கால் தரையில் பாவவில்லை. தண்ணீர் பாட்டிலோடு பட்டாபிராமனிடம் ஓடினாள்.

“பின்னிட்டீங்க சார்! அந்த அப்பா வசனம் யார் எழுதினது? எனக்கே ஒரு மாதிரி ஆயிடுச்சு. ஏன்னா, நானும் எங்கப்பாகிட்ட சொல்லாமத்தான் வந்திருக்கேன்.”

பட்டாபிராமன் துப்பட்டாவை அவிழ்த்து, மண்ணைத் தட்டி, மடித்துக் கொடுத்தார்.

“இன்னிக்குப் போனதும் சொல்லிடும்மா.”

“ஐயோ, சொன்னா விடமாட்டார் சார். ஊரைக் கூட்டிடுவார்.”

“கத்தட்டும். நானும் அப்படிக் கத்தினவன்தான்.”

அவர் பாறை இருந்த பக்கம் திரும்பினார்.

“அது வசனம் இல்லம்மா. என் பையன் அந்தப் பாறையில படுத்துண்டு எலியேசர்கிட்ட கெஞ்சினது. சிநேகிதன் இவ்வளவு கேக்கறானேன்னு, எலியேசரும் சாயங்காலம் வரைக்கும் என்கிட்ட சொல்லவே இல்லை.”