அசையக் கூடாத கண்ணாடி

ஓர் ஆய்வுக்கூடத்தில் ஒரே மேசையில் வைத்துத் தேய்த்து மெருகேற்றிய இரண்டு கண்ணாடிகள் இருந்தன. மூத்தவள் பெயர் வடக்கி, இளையவள் மேற்கி. வேலைக்குச் சேர்ந்த நாளில் இருவரையும் பிரித்து, மூத்தவளை வடக்கே நீளும் நெடுங்குழாயின் கடைசியிலும் இளையவளை மேற்கே நீளும் குழாயின் கடைசியிலும் தொங்கவிட்டார்கள்.

அசையாமல் இருப்பதுதான் வேலை. குழாய்க்குள் காற்றுகூடக் கிடையாது. இரண்டு குழாய்களிலும் நான்கு கிலோமீட்டர் கடந்து வந்து, கண்ணாடியைத் தொட்டுவிட்டுத் திரும்பும் லேசர் ஒளி மட்டும்தான் வடக்கிக்குப் பேச்சுத்துணை.

“மேற்கி எப்படி இருக்கிறாள்?” என்று அவள் தினமும் கேட்பாள்.

“அசையாமல் இருக்கிறாள்” என்று மட்டும் சொல்லிவிட்டு ஒளி போய்விடும்.

ஒரு நாள் மதியம் வடக்கியின் உடம்பு லேசாக அதிர்ந்தது. அவளுக்குப் பகீரென்றது. தானாக ஆடும் கண்ணாடியைக் கழற்றிக்கொண்டு போய்விடுவார்கள். யாரிடமும் சொல்லாதே என்று ஒளியிடம் கெஞ்சலாமா என்றுகூட நினைத்தாள்.

“நான் அசைந்துவிட்டேன். விஞ்ஞானிகளிடம் போய்ச் சொல்லிவிடு” என்றாள் கடைசியில்.

ஒளி போய்த் திரும்பியது.

“பயப்படாதே. எத்தனையோ கோடி ஆண்டுகளுக்கு முன்னால் இரண்டு கருந்துளைகள் மோதி ஒன்றாகிவிட்டனவாம். அந்த மோதலில் கிளம்பிய ஈர்ப்பு அலைதான் இன்று இந்த வழியாகப் போயிருக்கிறது. அதே நொடியில் மேற்கியும் அசைந்திருக்கிறாள். அதனால்தான் நீ தானாக ஆடவில்லை என்று நம்பினார்கள்.”

வடக்கி உடனே தங்கையைப் பற்றிக் கேட்டாள்.

“அவள் பயந்துவிட்டாளா?”

“பயந்தாள். ஆனால், ‘அக்காவுக்கு ஒன்றும் ஆகவில்லையே’ என்றுதான் முதலில் கேட்டாள்.”

ஒளி திரும்பிப் போகும்வரை வடக்கி தன்னை அடக்கிக்கொண்டு அசையாமல் இருந்தாள்.