383 போதாதாம்

"திரும்பவும் கழட்டப் போறீங்களோ?"

நிரூபா கேட்டது கணவனை. ஜனார்த்தன் நிமிரவேயில்லை. கராஜுக்குள் ஸ்டாண்டில் ஏற்றி வைத்திருந்த எஞ்சினைத் துணியால் துடைத்துக்கொண்டே, "எஞ்சின் அளவு 383 போதாது. 396 ஆக்கலாமெண்டு யோசிக்கிறன்," என்றார்.

"அப்பா, ரோட்டில ஓடுற காருக்கு 383 தாராளமாக் காணும். சாதாரணப் பெற்றோலிலயே ஓடும். ட்ராஃபிக்கில நிண்டாலும் சூடாகாது. எத்தினை தரம் சொல்லுறது?"

மகன் ஜெனோசன் ஸ்பானரை எறிந்துவிட்டு உள்ளே போனான். இருபத்திரண்டு வயது. கோபம் மூக்கு நுனியில்.

இரண்டு வருஷத்தில் இது மூன்றாவது மாற்றம். ஒவ்வொரு முறையும் முந்தினதைவிடப் பெரிசு.

அவர்கள் இருக்கும் மில்லிக்கனில் எங்கே சைரன் கேட்டாலும் கைபேசியை எடுத்து, பெடியன் எங்கே நிற்கிறான் என்று பார்க்கிறவள் நிரூபா. பார்க்காமல்? சிநேகிதி துர்க்காவின் மகன் போனது அப்படித்தானே. நெடுஞ்சாலையில் சிநேகிதர்களோடு போட்டிக்கு ஓடி, ஒரு லொறிக்கு அடியில் முடிந்துபோனான். பக்கத்து சீட்டில் இருந்திருக்க வேண்டியவன் ஜெனோசன். அன்றைக்குக் காய்ச்சல் வந்ததால் தப்பினான்.

அந்தப் பிள்ளையின் முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்த மறுகிழமை, இந்த மனுசன் துருப்பிடித்த அறுபத்தொன்பதாம் ஆண்டுக் கமாரோ கார் ஒன்றைக் கட்டியிழுத்து வந்து வாசலில் இறக்கினார்.

"செத்தவீட்டுச் சாப்பாடு செமிக்க முன்னம் ரேஸ் காரோ? நீங்கள் தகப்பனோ யமனோ?" என்று அன்றைக்கே கேட்டவள்.

"உமக்கு விளங்காது," என்றார். அதோடு சரி.

இவரோடு கதைத்துப் பலனில்லை. நிரூபா நேரே எஞ்சின் வேலை செய்கிற கஸ்பரின் பட்டறைக்குப் போனாள்.

"கஸ்பர், உங்களுக்குப் பிள்ளையள் இருக்கோ?"

"ரெண்டு, அக்கா. ஏன்?"

"பிறகேன் என்ர பிள்ளைக்குச் சவப்பெட்டி செய்யிறீங்கள்?"

கஸ்பர் மெஷினை நிறுத்தினான். "என்னக்கா சொல்லுறீங்கள்?"

"அந்த மனுசனுக்குப் பெரிசு பெரிசா ஆசை காட்டுறது நீங்கள்தானே? அதென்ன, ஸ்ட்ரோக்கரோ கிரோக்கரோ?"

"எஞ்சினுக்குள்ள கிராங்கை மாத்திறது, அக்கா. பிஸ்டன் கூடத் தூரம் ஏறி இறங்கும். அதே எஞ்சின், பலம் கூட. ஆனா நான் ஆசை காட்டேல்லை. போன மாசமே 383 முடிச்சுக் குடுத்திட்டன். இண்டைக்குப் பூட்டினா நாளைக்கு ஓடலாம். அண்ணைதான் காலமை போன் எடுத்து வேண்டாம் எண்டார்."

"ஏனாம்?"

கஸ்பர் அவளை ஒருதரம் பார்த்தான். பிறகு கையைத் துடைத்தான்.

"396 எண்டா எஞ்சின் பிளொக்கின்ர உள்பக்கத்தைத் தேய்க்கோணும், எல்லாத்தையும் திருப்பி பலன்ஸ் பண்ணோணும். ஒரு விண்டர் போயிடும். அதுக்குப் பிறகு 427 எண்டு இப்பவே சொல்லி வைச்சிருக்கிறார். அதுக்குப் பிளொக்கே வேற. ரெண்டு விண்டர்."

"அவருக்கென்ன விசரோ?"

"வெள்ளி, சனி எண்டா உங்கட மகன் முந்தி எங்க நிண்டவன், அக்கா? இப்ப எங்க நிக்கிறான்?"

முந்தி நெடுஞ்சாலையில், இப்போது தகப்பனோடு கராஜில் என்று நிரூபா மனதுக்குள் எண்ணிப் பார்த்தாள்.

"'அவனுக்கு இருபத்தஞ்சு வயசு வரைக்கும் இந்தக் காரை ஓட விடாதை கஸ்பர், அதுக்குள்ள அவனுக்குப் புத்தி வந்திடும்' எண்டு இதில நிண்டு அழுதவர். உங்களுக்குச் சொல்லக் கூடாதாம். உங்கட முகத்தைப் பாத்தே பெடியன் கண்டுபிடிச்சிடுவானாம்."

எப்படி வீட்டுக்கு ஓடிவந்தாள் என்று அவளுக்கே தெரியாது.

கராஜ் கதவு திறந்து கிடந்தது. கமாரோவுக்கு மேலே எஞ்சின் சங்கிலியில் தொங்கிக்கொண்டிருந்தது.

"அம்மா! அப்பா ஓமெண்டிட்டார்! இனியும் மாத்தினா நான் கராஜ் பக்கமே வரமாட்டன் எண்டு சொல்லிட்டன். 383தான். நாளைக்கு ஸ்டார்ட் பண்ணுறம்!"

ஜனார்த்தன் சங்கிலியைப் பிடித்தபடி நின்றார். முகத்தில் இரத்தமேயில்லை.

நிரூபா இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டாள். குரலை மட்டும் எப்போதும் போல உயர்த்தினாள்.

"ஏனடா, ரெண்டு வருஷமா என்ர கராஜை அடைச்சு வைச்சுப்போட்டு, கடைசியில உந்தச் சின்னனையோ பூட்டப்போறியள்?"

ஜெனோசன் வாயைப் பிளந்தான். "நீங்களோ அம்மா கதைக்கிறீங்கள்?"

"ஓம், நான்தான். திருப்பி ஸ்டாண்டில இறக்கடா! கஸ்பரிட்டைக் கேட்டிட்டுத்தான் வாறன். 427 போட்டாத்தான் நான் உந்தக் காரில ஏறுவன்."